பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்

(அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாத் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழாவில் பேச எழுவோர் கடந்துவந்த இருபத்தைந்து ஆண்டுகளை நினைவுகூர்வது மரபு. எனக்கு முன் பேசிய பெரியோர் அக்கடமையைச் செவ்வனே நிறைவேற்றிவிட்டனர். அதே செய்தியை நானும் திருப்பிச் சொன்னால் உங்கள் பொறுமைக்கு நான் இழைக்கும் தீங்காகும். ஆகவே, நம் கட்டடத்தின் பின்னறையில் கிடக்கும் எட்டுக் கணிப்பொறிகளைப் பற்றிச் சில சொற்கள் கூற அனுமதி வேண்டுகிறேன்.

அந்த எட்டும் ஒரு நிறுவனம் தனக்குப் புதியவை வாங்கியபோது நமக்கு அளித்தவை. ஐந்து மேசைக் கணிப்பொறிகள், மூன்று மடிக்கணினிகள். அவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தீர்மானம் கொண்டுவந்த நண்பரை நான் குறை கூறமாட்டேன். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினாலும் திரை விழிக்காத பொறியை எவரே விரும்புவர்? எனினும் அத்தீர்மானம் கைவிடப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

நான் கல்லூரியில் பயின்றது வரலாறு, மின்னணுவியல் அன்று. நாற்பது வயதுக்குப் பிறகே கணிப்பொறியைத் தொட்டவன். ஆதலால் பொறியாளர் பேசுவதுபோல் எனக்குப் பேச வராது. கற்றுக்கொண்ட மாணவன் சக மாணவர்களுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் நம் பெண் ஒருத்தி, கல்வி உதவித்தொகையைப் புதுப்பிப்பதற்காகப் பின்னறைக்கு வந்தாள். அன்று அறைக்குப் பொறுப்பு நான்தான். பொறி விழித்தெழ ஏழு நிமிடம் ஆயிற்று. இணையப் பக்கம் திறக்க மேலும் சில நிமிடம். சாதிச் சான்றிதழின் படத்தை ஏற்றும் வேளையில் திரை உறைந்து நின்றது. மீண்டும் அணைத்து மீண்டும் எழுப்பினோம். மீண்டும் ஏழு நிமிடம். இப்படியே இரண்டு மணி நேரம் கழிந்தது. இரவு ஒன்பது மணிக்கு அறையைப் பூட்ட வேண்டும். "நாளை காலை வா அம்மா, பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அன்றுதான் கடைசி நாள். தலைமையாசிரியரிடம் எதிர்த்துச் சொல்லலாகாது என்று அவள் தயங்கினாள். என்றைக்குக் கடைசி நாள் என்று நானும் கேட்கவில்லை. அவ்வாண்டு அவளுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. அவள் தாய் காதிலிருந்த தோட்டை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார்.

நண்பர்களே, இன்று விண்ணப்பம் என்பது தாளில் இல்லை. உதவித்தொகை, கல்லூரிச் சேர்க்கை, தேர்வாணையப் பதிவு, தேர்வு நுழைவுச் சீட்டு ஆகிய அனைத்தும் திரையின் வழியே வருகின்றன. வீட்டில் நல்ல கணிப்பொறி உள்ளவனுக்கு அது வசதி. இல்லாதவனுக்கு அது இன்னொரு வாயிற்படி. அந்த வாயிற்படியில் நம் பிள்ளைகளை நிறுத்திவைத்தது நம் சொந்தப் பின்னறைப் பொறி என்பதே என்னை உறுத்தியது. அதன்பிறகுதான், இப்பொறி ஏன் இவ்வளவு மெல்ல நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன்.

கணிப்பொறிக்குள் மூன்று உறுப்புகளை நீங்கள் அறிந்துகொண்டால் போதும். கணக்கிடும் மூளையாகிய பிராசசர் ஒன்று. வேலை நடக்கும்போது தாள்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசையாகிய ரேம் மற்றொன்று. மின்சாரம் நின்றாலும் அழியாமல் எல்லாவற்றையும் காத்துவைக்கும் பதிவறையாகிய சேமிப்பகம் மூன்றாவது. பழைய பொறிகளில் அப்பதிவறை ஹார்டு டிஸ்க் எனப்படும் சுழல் வட்டு ஆகும்.

பெரியோர்கள் இசைத்தட்டை அறிவார்கள். தட்டு சுழலும்; முள் அதன்மேல் நகரும். ஹார்டு டிஸ்க்கும் ஏறத்தாழ அவ்வாறே. காந்தப் பூச்சுப் பூசிய தட்டு சுழல்கிறது. ஒரு கரத்தின் நுனியிலுள்ள தலை, தட்டைத் தொடாமல், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதந்து படிக்கிறது. மடிக்கணினிகளில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி. தேடும் இடம் தலைக்குக் கீழே வந்துசேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். கரம் உரிய தடத்துக்கு நகர மேலும் 12 மில்லிநொடி அளவு ஆகும். இரண்டையும் கூட்டினால் ஓர் இடத்தைத் தேடி எடுக்க 17 மில்லிநொடி. நொடிக்கு அறுபது இடத்துக்குமேல் அதனால் எட்ட இயலாது.

அறுபது என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பொறி விழித்தெழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தட்டின் பல மூலைகளிலிருந்தும் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. தாலுகா அலுவலகப் பதிவறையை எண்ணிப் பாருங்கள். எழுத்தர் கெட்டிக்காரர்; ஒரு நொடியில் கணக்குப் போடுவார். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் கடைநிலை ஊழியர் ஒருவர் பதிவறையின் கோடிவரை நடந்துபோய்க் கட்டை அவிழ்த்து எடுத்துவர வேண்டும். எழுத்தர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். வெளியே மக்கள் காத்திருக்கிறார்கள். நம் பின்னறைப் பொறிகளின் நிலை இதுவே. மூளை சோம்பவில்லை, பதிவறை தொலைவில் இருக்கிறது.

இந்தச் சுழல் வட்டைப் பழிக்கவும் கூடாது. அதன் வரலாறு பெருமைக்குரியது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் ரேமக் 305 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் வந்த வட்டுச் சேமிப்பகம், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகளை அடுக்கிய, ஓர் அலமாரி போன்ற பொறி. அது தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அந்த இடம் போதுமோ போதாதோ! அங்கிருந்து தொடங்கி, உள்ளங்கை அளவுள்ள பெட்டியில் பல கோடிப் பக்கங்களை அடக்கும் நிலைக்கு மனிதன் சுழல் வட்டை வளர்த்தான். ஆனால் கொள்ளளவு பெருகிய விகிதத்தில் வேகம் பெருகவில்லை. சுழல்வதும் நகர்வதும் பருப்பொருளின் வேலை. அதற்கு ஓர் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்ட வேறொரு வழியைக் கண்டவர் ஜப்பானியர் ஒருவர். தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா, பிளாஷ் நினைவகம் என்னும் கண்டுபிடிப்பை 1984-இல் உலகுக்கு அறிவித்தார். 1987-இல் அவரும் அவர் தோழர்களும் நேண்ட் என்னும் அதன் அடுத்த வகையை அறிவித்தனர். அழிக்கும்போது ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் அழிவதால், நிழற்படக் கருவியின் பளிச்சிடும் ஒளியை ஒப்பிட்டு அதற்குப் பிளாஷ் என்று பெயர் இட்டனராம். 1991-இல் பிளாஷ் நினைவகத்தாலான சேமிப்பகம் 20 மெகாபைட் கொள்ளளவில் விற்பனைக்கு வந்தது. அதன் விலை அன்று ஆயிரம் டாலர். அதன் வழித்தோன்றலே இன்று சாலிட் ஸ்டேட் டிரைவ், சுருக்கமாக எஸ்.எஸ்.டி., எனக் கடைகளில் விற்கப்படுகிறது.

அதற்குள் சுழல்வது எதுவும் இல்லை, நகர்வதும் இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் கோடானுகோடி நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் மின்சாரம் கசியாத ஒரு மெல்லிய சுவர் சூழ்ந்திருக்கிறது. அதற்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைத்தால் ஒரு பொருள். வெளியேற்றினால் வேறொரு பொருள். மின்சாரம் நின்றாலும் அடைபட்டவை அடைபட்டபடியே இருக்கும். இதில் ஓர் இடத்தை எட்ட ஆகும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஹார்டு டிஸ்க்கின் 17 மில்லிநொடியோடு ஒப்பிடுங்கள். ஏறத்தாழ நூற்றெழுபது மடங்கு! கடைநிலை ஊழியர் நடக்க வேண்டியதே இல்லை. பதிவறை முழுவதும் எழுத்தரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் பொறியும் நூற்றெழுபது மடங்கு வேகமாக ஓடுமா என்று மாணவர் யாரேனும் கேட்டால், அது நல்ல கேள்வி. ஓடாது. எழுத்தரின் வேகமும் மேசையின் அளவும் மாறவில்லை அல்லவா? காத்திருந்த நேரம் மட்டுமே குறைகிறது. ஆனால் பழைய பொறியில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி அந்தக் காத்திருத்தலே. நம் பின்னறையின் சுவர்க் கடிகாரத்தை வைத்து நானே அளந்தேன். ஏழு நிமிடத்தில் விழித்த அதே பொறி, வட்டை மாற்றிய பின் நாற்பது நொடிக்குள் விழித்தது. மூளை அதே மூளை. திரையும் அதே திரை.

இனி, மாற்ற விரும்புவோர் முன்னதாக ஆராய வேண்டியவற்றைக் கூறுகிறேன். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நோய் எதுவென்று அறியாமல் மருந்து வாங்கலாகாது. விண்டோஸ் பொறியில் டாஸ்க் மேனேஜர் என்னும் பக்கத்தைத் திறந்தால் பிராசசர், ரேம், வட்டு ஆகியவை எத்தனை விழுக்காடு உழைக்கின்றன என்று காட்டும். பிராசசர் ஓய்வாக இருக்க, வட்டு மட்டும் நூறு விழுக்காட்டில் நின்று திணறினால் குற்றவாளி வட்டே. ஆனால் ரேம் நிரம்பி வழிந்தாலும் பொறி வட்டையே துணைமேசையாகக் கொண்டு அதைத் திணறடிக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2 ஜிகாபைட் ரேம் மட்டும் உள்ள பொறிக்கு வட்டை மாற்றினால் பாதிப் பயனே கிடைக்கும். முடிந்தால் ரேமையும் 8 ஜிகாபைட்டாக உயர்த்துங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று அதில் வகைகள் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழைய ரேம் துண்டைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே தவறில்லாத வழி.

இரண்டாவது, இணைப்பு. ஹார்டு டிஸ்க் சாட்டா என்னும் இணைப்பு உடையதா என்று பாருங்கள். தட்டையான, எல் எழுத்து வடிவமுள்ள இரு செருகிகள் இருந்தால் அது சாட்டா. பட்டையான அகன்ற கம்பித் தொகுதியும் ஊசி ஊசியான முனைகளும் இருந்தால் அது பழைய ஐ.டி.இ. வகை. நம் எட்டில் ஒன்று அவ்வகை. அதற்குச் செலவு செய்ய வேண்டா என்பதே என் பரிந்துரை. அந்த ஒன்றைப் பொறுத்தவரை தீர்மானம் கொண்டுவந்த நண்பர் சொன்னதே சரி.

மூன்றாவது, வடிவம். இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. மடிக்கணினியிலுள்ள பழைய வட்டின் இடத்தில் அப்படியே அமரும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமனும் புதியது 7 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டிருந்தால், இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் போதும். மேசைக் கணிப்பொறியின் பெரிய இடத்தில் பொருத்துவதற்கு ஒரு சிறு தாங்கி கடையில் கிடைக்கும். எம்.2 என்னும் பட்டை வடிவில் வருபவையும் உண்டு. அவற்றில் சில சாட்டா வழி பேசும், சில என்.வி.எம்.இ. என்னும் வேறு வழி பேசும். தோற்றம் ஒன்றுபோல் இருந்தாலும் இயல்பு வேறு. நம் பழைய பொறிகளில் அந்தச் செருகுவாயே இல்லை. மிகு வேகம் என்ற விளம்பரத்தைக் கண்டு அவற்றை வாங்கி ஏமாறாதீர்கள். பழைய பொறியின் சாட்டா இணைப்பு எவ்வளவு கடத்துமோ அவ்வளவே பயன். மூன்றாம் தலைமுறைச் சாட்டா நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட் வரை கடத்தும். இரண்டாம் தலைமுறை அதில் பாதி. எனினும் நமக்கு வேண்டிய நன்மை சிறு கோப்புகளைத் தேடும் விரைவே ஆதலால், இரண்டாம் தலைமுறைப் பொறியிலும் வேற்றுமை கண்கூடாகத் தெரியும்.

நான்காவது, போலி. பெயர் தெரியாத வட்டில் மிகப் பெரிய கொள்ளளவை எழுதி மலிவாக விற்போர் உண்டு. உள்ளே இருப்பது அதில் ஒரு பகுதியே. முதலில் எழுதியவை நன்றாகவே இருக்கும். உண்மைக் கொள்ளளவைத் தாண்டியதும் எழுதியவை கெடும். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் தரும் கடையில் வாங்குவது சிக்கனத்தின் பகை அன்று, அதுவே சிக்கனம்.

இனிச் செய்முறை. முதல் வேலை, பழைய வட்டிலுள்ள வேண்டிய கோப்புகளை வெளியே வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்துக்கொள்வது. இரண்டாம் வேலையும் அதுவே. எடுத்த படியைத் திறந்து பார்த்து, அது உண்மையாகவே இருக்கிறதா என்று சோதிப்பது. அதன் பின்னரே மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். மடிக்கணினியாயின் மின்கலத்தையும் கழற்ற வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் ஆதலால், வேலைக்கு முன் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தோம் என்று ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் ஒட்டி வையுங்கள். நீளமான திருகைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் உள்ளே பலகை உடையும். பழைய வட்டைச் செருகியிலிருந்து மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து எடுத்துப் புதியதை அதே போக்கில் செருகுங்கள். திறந்த நேரத்தில் விசிறியிலுள்ள தூசியையும் தூரிகையால் துடைத்துவிடுங்கள். பின்பு பயாஸ் பக்கத்தில் புதிய வட்டு தெரிகிறதா என்று பார்த்து, சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கும்படி வைத்துப் புதிதாக இயங்குதளத்தை நிறுவலாம்.

பழைய வட்டை அப்படியே புதியதற்குப் படியெடுக்கும் முறையும் உண்டு. குளோனிங் என்பர். அதைப் பற்றி நான் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியாக இருக்கும் நம் வெள்ளி விழா மலரில் சில ஆண்டுகளின் புகைப்படங்கள் மிகக் குறைவாக இருப்பதைக் காண்பீர்கள். அதற்குக் காரணம் நானே. சங்க அலுவலகக் கோப்புகள் இருந்த பொறியை மாற்றும்போது, மென்பொருள் மூலம் எது, இலக்கு எது என்று கேட்ட இடத்தில் இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டேன். வெறுமையான வட்டு, நிறைந்த வட்டின்மேல் படியெடுக்கப்பட்டது. மூன்றாண்டுகளின் மாலை வகுப்பு வருகைப் பதிவும் ஆண்டு விழாப் படங்களும் அழிந்தன. தனியே ஒரு படி எடுத்து வைத்திருந்தேனா? இல்லை. இரண்டு பொறிகளை வெற்றியோடு மாற்றிய மமதை என்னை விழுங்கியிருந்தது. வருகைப் பதிவை ஆசிரியர்களின் கைக்குறிப்பேடுகளிலிருந்து மீண்டும் எழுதினோம். படங்களில் சிலவற்றை உறுப்பினர்களின் கைப்பேசிகளிலிருந்து திரட்டினோம். ஏனையவை போனவை போனவைதாம். அவற்றில் இன்று நம்மிடையே இல்லாத நிறுவன உறுப்பினர் ஒருவரின் கடைசி மேடைப் படமும் ஒன்று. அவர் குடும்பத்தார் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். இன்று இந்தச் சபையிலும் கேட்கிறேன்.

நம்மைப் போன்றோர்க்கு ஆவணம் என்பது அலங்காரம் அன்று. நாம் இங்கே இருந்தோம், இதைச் செய்தோம் என்பதற்கு வேறு சாட்சி நமக்குக் குறைவு. ஆகவே, எவ்வளவு சிறந்த சேமிப்பகமாயினும் ஒரே இடத்தில் ஒரே படி வைத்திருப்பது வைத்திராததற்கு ஒப்பு. எஸ்.எஸ்.டி. விழுந்தாலும் அதிர்ந்தாலும் ஹார்டு டிஸ்க்கைப்போல் எளிதில் கெடாது என்பது உண்மை. ஆனால் கெடும்போது ஹார்டு டிஸ்க் பல சமயம் முனகியும் தட்டியும் எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றுவிடக்கூடும். மூன்று படி எடுங்கள். அவற்றில் ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயுமாமே என்று சிலர் அஞ்சுகின்றனர். தேய்வது மெய்யே. எவ்வளவு எழுதலாம் என்று உற்பத்தியாளர் ஒரு கணக்குக் கொடுப்பர். சாதாரண வட்டு ஒன்றுக்கு 80 டெராபைட் என்று குறித்திருப்பதாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும் நாலாயிரம் நாள்; ஏறத்தாழ பதினோரு ஆண்டு. நம் மாணவர் எழுதும் விண்ணப்பத்துக்கும் கட்டுரைக்கும் அதில் பாதியும் ஆகாது. தேய்வுக்கு முன் பொறியின் மற்ற உறுப்புகள் மூப்படைந்துவிடும்.

இயங்குதளத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்டோஸ் 10-க்கு அந்நிறுவனம் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும், இன்டெல் ஆயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் வேண்டும் என்கின்றனர். நம் பொறிகளில் அவை இல்லை. வட்டை மாற்றினாலும் இந்தத் தடை நீங்காது. ஆனால் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளங்கள் இருக்கின்றன. அவற்றுள் லினக்ஸ் மின்ட் பழைய பொறிகளில் நன்கு ஓடுகிறது, விலை இல்லை. 1999-இல் நம் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் நிரப்பவும், பாடம் பார்க்கவும், தட்டச்சுப் பழகவும் அது போதும்.

கழற்றிய பழைய வட்டை என்ன செய்வது? நலமாக இருந்தால் யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டு, படி எடுத்து வைக்கும் வெளிப்புறச் சேமிப்பகமாகப் பயன்படுத்தலாம். நலமாக இல்லையெனில் அதை அப்படியே கடையில் போடாதீர்கள். அதற்குள் நம் பிள்ளைகளின் ஆதார் படமும், சாதிச் சான்றிதழும், வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. கோப்பை நீக்குவதும் குப்பைத் தொட்டியைக் காலி செய்வதும் அவற்றை உண்மையில் அழிப்பதில்லை. முழு வட்டையும் மேலெழுதி அழித்து, அதன் பின்னரே மின்னணுக் கழிவு எடுப்போரிடம் சேர்க்க வேண்டும். எட்டுக் கணிப்பொறிகளை எடைக்குப் போடலாம் என்றபோது நாம் எவரும் இதை நினைக்கவே இல்லை.

நண்பர்களே, ஓர் ஐயம் உங்களில் சிலர்க்கு எழுவதை உணர்கிறேன். பிறர் கழித்த பொறிகளையே ஒட்டுப்போட்டுக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? பழையதே நமக்குப் போதும் என்கிறாரா இவர்? அப்படி நான் சொல்லவில்லை. பழைய சோறும் பழைய துணியும் யார்க்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தன என்பதை இந்தச் சபைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. புதிய கணிப்பொறிகளைக் கேட்போம். அரசிடமும் கேட்போம், நன்கொடையாளரிடமும் கேட்போம். ஆனால் கேட்பு மனு மேசைகளில் ஏறி இறங்கும் காலத்தில் ஒரு பிள்ளையின் கடைசி நாள் கடந்துவிடும். அந்த நாளுக்காகவே இந்தச் சிறு மாற்றம். மேலும், ஒரு பொறியைத் திறந்து அதன் உட்புறத்தைக் கண்டவனை, இது உனக்குப் புரியாது என்று சொல்லி எவனும் ஏமாற்ற முடியாது. அந்தத் துணிவு, வாங்கிய பொறியோடு வருவதில்லை.

2011 செப்டம்பர் 15-இல் நம் மாநில அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழி வந்த மடிக்கணினிகள் நம் வீடுகளின் பரண்மேல் எத்தனை உறங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது அதே சுழல் வட்டுதான். இறக்கித் தூசி தட்டிப் பின்னறைக்குக் கொண்டுவாருங்கள். மேற்சொன்ன முறையில் சோதிப்போம். தேறுபவை தேறட்டும்.

பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் மூன்று. நம் எட்டில் இதுவரை மூன்றை மாற்றியுள்ளோம். ஐ.டி.இ. வகைப் பொறி ஒன்று நீங்கலாக எஞ்சிய நான்குக்கும் எஸ்.எஸ்.டி. வாங்க ஒப்புதல் தர வேண்டும். சங்க ஆவணங்களுக்கு மூன்று படி வைக்கும் விதியைத் தீர்மானமாகவே எழுதிவைக்க வேண்டும். பின்னறைச் சுவரில், எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள் என்று காட்டும் ஒரு கரும்பலகை வேண்டும். மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஆனால் அன்று அது இருந்திருந்தால், வேகமான பொறி இல்லாமலே அந்தப் பெண்ணின் உதவித்தொகையைக் காப்பாற்றியிருக்கலாம். வேறொரு பொறியைத் தேடி அப்போதே ஓடியிருப்போம்.

அந்தப் பெண் பட்டப் படிப்பை முடித்துவிட்டாள். நாங்கள் மாற்றிய இரண்டாவது பொறியைத் திறந்தவள் அவளே. நான் விளக்குப் பிடித்தேன். திருகுகளைத் தாளில் ஒட்டிவைக்கும் வழக்கம் அவள் கண்டுபிடித்தது. வரும் சனிக்கிழமை மாலை அடுத்த பொறியைத் திறக்கிறோம். ஆர்வமுள்ள மாணவ மாணவியர் வரலாம். ஒரு திருப்புளியும் ஒரு குறிப்பேடும் கொண்டுவாருங்கள்.